பங்களா நாய் பட்டினி கிடக்கிறது

ஒன்பதாம் அத்தியாயம்

ஒரு சாம்ராஜ்யத்தின் மேன்மை அதன் நாய்களிடம் விளங்கும் என்று ஹெட்கிளார்க் ஞானசிகாமணி செவ்வாய்க்கிழமை மாலை தெருவே கேட்க அறிவித்தார். சனிக்கிழமை காலைவரை அந்த மேன்மை ஒரு வாய் சாப்பிடவில்லை.

முன்கூடத்தில், சக்கரவர்த்தியின் படத்துக்குக் கீழே, பிரம்பு நாற்காலியில் நீலக் கம்பளம் விரித்து நாயைப் படுக்க வைத்திருந்தார்கள். நாய் கம்பளத்தை விட்டு இறங்கி, நாற்காலிக்கு அடியில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. நாலு நாளில் விலா எலும்புகளை வாசலில் நின்றே எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது.

வாராவாரம் தவறாமல் வாசிப்பவர்களுக்கு இந்த நாய் எப்படி வந்தது என்று தெரியும். மற்றவர்களுக்கு நாலு வரி. பாளையங்கோட்டை இஞ்சினியர் துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்புகிறார். நாயைக் கப்பலில் கொண்டுபோனால் அங்கே மாதக்கணக்கில் கூட்டில் அடைத்துவிடுவார்களாம். ஆகவே துரைசாணி அதைத் தம் கணவரின் ஹெட்கிளார்க்கிடம் ஒப்படைத்தாள். டில்லி தர்பாரில் யார் யாருக்கோ பட்டம் கொடுத்தார்கள். தமக்கு நாய் கிடைத்தது என்பதில் ஞானசிகாமணிக்குக் குறை ஒன்றும் இல்லை. பட்டம் குரைக்காது.

அவர் மகள் யூனிஸுக்கு வேறு கணக்கு. பத்தொன்பது வயது, மெட்ரிகுலேஷன் தேறியவள், மதராஸுக்குப் போய் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்குத் துரைசாணியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். "ஊரை விட்டுப் போகும் அன்று நாயைப் பார்க்க வருவேன். கடிதத்தையும் அப்போது தருவேன்" என்று துரைசாணி சொல்லியிருந்தாள்.

அந்த நாள் இன்று.

காலை எட்டு மணிக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சேவகன் ஒரு கடுதாசி கொண்டுவந்தான். துரை அங்கே அணைக்கட்டில் புதிய இஞ்சினியரிடம் பொறுப்பை ஒப்படைத்துக் கொண்டிருந்தார். துரைசாணியும் கூட இருந்தாள். ஹெட்கிளார்க் எழுந்து நின்று கடுதாசியைப் பிரித்தார். துரைசாணியின் எழுத்தை உட்கார்ந்து வாசிப்பது அவருக்கு வழக்கமில்லை.

"மாலை நாலு மணிக்கு நம்முடைய இல்லத்துக்கு விஜயம் செய்கிறார்கள்" என்றார் உரக்க.

பிறகு மீதியை உரக்க வாசிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

யூனிஸ் அவர் கையிலிருந்து கடுதாசியை வாங்கிப் படித்தாள்.

"என்னளா எழுதியிருக்கு?" என்று அம்மா சாரம்மாள் அடுக்களை வாசலிலிருந்து கேட்டாள்.

"நாய் சந்தோஷமா இருந்தா நல்லதாம். இல்லாட்டா அதப் பட்டினியில வாட விட்டுட்டுப் போக அவங்களுக்கு மனசு வரலியாம். துரையோட துப்பாக்கி வண்டியிலயே இருக்காம். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருமாம். அதுதான் கருணையாம்."

"சோறு தின்னாததுக்குச் சுடுவாவளா? அப்படின்னா லெந்து உபவாச நாள்ல நம்ம சபையில ஒருத்தரும் மிஞ்சமாட்டாவளே!"

"சாரம்மா! துரைசாணி வருகிற நாளில் பேசுகிற பேச்சா இது?"

"என் கடிதமும் எழுதியாச்சாம், அம்மா" என்றாள் யூனிஸ். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாயிருந்தது. சுடுவதைப் படித்த அதே மூச்சில் தன் கடிதத்தையும் தேடியிருக்கிறாள்.

நாற்காலிக்கு அடியில் நாய் பெருமூச்சு விட்டது.

*

துரை வீட்டு நாய்க்குத் தமிழ் தெரியாது என்பது முதல் நாளே தீர்மானமான விஷயம். ஆகவே அதன் முன்னால் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று உத்தரவு. ஹெட்கிளார்க்குக்கு இங்கிலீஷ் உண்டு. யூனிஸுக்கும் உண்டு. சாரம்மாளிடம் 'குட் மார்னிங்', 'தேங்க் யூ', 'ஆமென்' என்று மூன்று சொற்கள் இருந்தன. நாலு நாளாக மூன்று வேளையும் நாயைப் பார்த்து மூன்றையும் சொல்லி வந்தாள். மூன்றாவது எந்த நாட்டுப் பாஷை என்பதில் நாய் அக்கறை காட்டவில்லை.

சாப்பாட்டு முறையும் அப்படித்தான். பூப்போட்ட பீங்கான் தட்டில் ரொட்டி, பால், உப்பில்லாமல் வேகவைத்த ஆட்டுக்கறி. முதலில் ஹெட்கிளார்க் கண்ணை மூடி இங்கிலீஷில் ஸ்தோத்திரம் சொல்வார். அதில் சக்கரவர்த்தி, சக்கரவர்த்தினி, கவர்னர், கலெக்டர் எல்லாரும் வந்து போவார்கள். ஆமென் ஆனதும் குடும்பமே தட்டைச் சுற்றி நின்று நாயின் முகத்தைப் பார்க்கும். நாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலையும் அதுவே நடந்தது.

"யப்பா, பிச்சைக்கண்ணு அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் யூனிஸ். "பங்களாவுல நாலு வருஷமா இதுக்குச் சோறு வச்சது அவருதானே?"

"அடுப்பூதுகிற குசினிக்காரனிடமா?" ஹெட்கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துரையின் நாயைப் பற்றித் துரையிடம் கேட்கலாம். அவனிடம் போய் நான் நிற்பதா?"

நிற்க முடியாததற்குக் காரணம் இருந்தது. போன மாதம்தான் பங்களா அடுக்களையில் நெய் டப்பா சீக்கிரம் காலியாகிறது என்று அவர் துரையின் காதில் போட்டிருந்தார். துரை எல்லார் முன்னிலையிலும் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

"ஹெட்கிளார்க்கு! காப்பி ஆறுது!" என்று சாரம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதே. கலியாணமான புதிதில் 'இஞ்சேருங்க' என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தவள், அவருக்கு உத்தியோகம் உயர்ந்த அன்றிலிருந்து உத்தியோகத்தையே கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்கும் அது பிடித்துப் போயிற்று. பால்காரர் காசிலிங்கம் முதல் பக்கத்து வீட்டுச் சாலோமி டீச்சர் வரை இப்போது எல்லாருக்கும் அவர் ஹெட்கிளார்க்குதான். ஞானசிகாமணி என்று கூப்பிட்டால் அவரே கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புவார்.

சாரம்மாளின் குரல் கேட்டதும் நாய் தலையைத் தூக்கியது. எழுந்து அடுக்களைப் பக்கம் ஓரடி வைத்தது. சங்கிலி இழுத்துப் பிடித்தது. நாலு நாளாக அவள் குரல் கொடுத்தபோதெல்லாம் இப்படித்தான்.

"பார், பெண்கள் சத்தம் போடுவது அதற்குப் பழக்கமில்லை" என்று ஹெட்கிளார்க் காப்பிக்குப் போனார்.

பதினொரு மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நாய் சாப்பிடாவிட்டாலும் பளபளப்பாக இருக்கலாமே. கிணற்றடியில் சீமைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டச் சங்கிலியைக் கழற்றினார். முழங்கை வரைக்கும் நுரை. நாய் ஒரு தரம் உடம்பைச் சிலுப்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, பின்வாசல் திறந்திருந்தது. நாய் இல்லை.

"போயிட்டு!" என்று சாரம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "துரைசாணி வந்து கேட்டா என்னத்தக் காட்ட?"

மதிலுக்கு மேல் சாலோமி டீச்சரின் தலை தெரிந்தது. "என்ன சாரம்மாக்கா, என்ன போயிட்டு?"

"ஒன்றும் போகவில்லை" என்றார் ஹெட்கிளார்க், நுரையோடு.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டார். துரை தந்த நாய் தொலைந்தது என்று எவருக்கும் தெரியக்கூடாது. ஆகவே எதைத் தேடுகிறோம் என்று சொல்லாமலே தேடினார். முருகன்குறிச்சி வழியாகக் கொக்கிரகுளம் வரை போய், வழியில் கண்டவர்களிடமெல்லாம் சுகம் விசாரித்தார். அவ்வளவு அன்பு அவருக்கு எப்போது வந்தது என்று ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

யூனிஸ் எதிர்ப்பக்கம் போனாள். நேரே மேட்டிலிருந்த இஞ்சினியர் பங்களாவுக்கு.

*

பங்களாவின் கதவுகள் பூட்டிக் கிடந்தன. திரைச்சீலை கழற்றிய ஜன்னல்கள் வெறுமையாக விழித்தன. பின்பக்கம் தனியாக இருந்த குசினியின் படியில் பிச்சைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை, உருட்டிய பாய். சொந்த ஊர் உடன்குடிக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்.

"ஹெட்கிளார்க்கு ஐயா மக தானே? வா பாப்பா. டப்பாவ எண்ண வந்தியா?"

"நாயத் தேடி வந்தேன் அண்ணாச்சி."

அவர் கட்டை விரலால் உள்ளே காட்டினார். அணைந்த அடுப்புக்கு முன்னால், சாம்பலில் மூக்கை வைத்தபடி நாய் கிடந்தது. முதுகில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

"ஒரு மணி நேரமா இங்கனதான் கிடக்கு. வந்ததும் அடுப்ப மோந்து பார்த்துச்சு. அப்புறம் என்னப் பார்த்துச்சு. நான் என்ன செய்ய? துரை நாய உங்கப்பாவுக்குக் குடுத்தாச்சு. நான் ஒரு வாய் போட்டா அதுக்கும் ஒரு புகாரு வரும்லா?"

யூனிஸ் படியில் உட்கார்ந்தாள். நாலு நாள் பட்டினியைச் சொன்னாள். நாலு மணியைச் சொன்னாள். துப்பாக்கியைச் சொன்னாள். கடிதத்தை மட்டும் சொல்லவில்லை.

பிச்சைக்கண்ணு உள்ளே திரும்பி நாயைப் பார்த்தார்.

"கருணைன்னா எழுதியிருக்காவ?"

"ஆமா."

"அந்தக் கருணைய நான் பார்த்திருக்கேன். வெள்ளைக் குதிரைக்குக் கால் ஒடிஞ்சப்பமும் அதான். துரைசாணி கண்ணத் துடைச்சுக்கிட்டே நின்னாவ." அவர் எழுந்து அடுப்பில் ரெண்டு சுள்ளியை வைத்தார். "என்ன குடுத்தீய இதுக்கு?"

"ரொட்டி. பாலு. ஆட்டுக்கறி."

"ஆட்டுக்கறியா? இது ஆட்டுக்கறிய மோந்து பார்த்ததுகூட இல்ல."

"துரை தினமும் நாய்க்குன்னு அரை ராத்தல் கறி வாங்கினாவளே? எங்கப்பாதான் சீட்டு எழுதினாவ."

"வாங்கினாவ." பிச்சைக்கண்ணு கூரையைப் பார்த்தார். "எனக்குப் பிள்ளைய நாலு பேரு, பாப்பா."

யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்ததா வேறு ஏதாவது வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. நெய்யைக் கண்டுபிடித்த அப்பா கறியைக் கண்டுபிடிக்கவில்லை.

"அப்ப இது என்ன தின்னுச்சு?"

"கருவாட்டுச் சோறு."

வழிக்கென்று கட்டி வைத்திருந்த சோற்றை அவர் மூட்டையிலிருந்து எடுத்தார். நசுங்கிய ஒரு இரும்புத் தட்டில் பாதியைப் போட்டு, சூடாக்கிய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் தெளிவை ஊற்றிப் பிசைந்தார். தட்டை அடுப்போரம் வைத்தார். யூனிஸ் குனிந்து நாயின் முகத்தைப் பார்த்தாள்.

"பார்க்காத. அங்கன திரும்பிக்கோ."

"ஏன்?"

"உன் தட்டச் சுத்தி நாலு பேரு நின்னு உன் வாயவே பார்த்துக்கிட்டிருந்தா உனக்குச் சோறு இறங்குமா?"

இருவரும் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். வாசலில் வேப்பமரம். அதன் மேல் ஒரு காகம். அடுப்பில் சுள்ளி வெடித்தது. யூனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் இரும்புத் தட்டு தரையில் லேசாக நகரும் ஓசை வந்தது. நக்கும் ஓசை வந்தது.

அவள் திரும்பவில்லை. காகம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

"கேட்டுக்கோ" என்றார் பிச்சைக்கண்ணு, வாசலைப் பார்த்தபடியே. "இந்தத் தட்டையும் இது படுக்குத சாக்கையும் கொண்டு போ. அடுப்பு அணையாத மூலையில போடு. கட்டிப் போடாத. ஒரு ஆளு மட்டும் சோறு வையி, அதே நேரத்துக்கு. வச்சுட்டு உன் சோலியப் பாரு. அதுவாப் பைய வந்து உன் காலு கிட்ட படுக்கும். நாயி மணத்தாலதான் வீட்ட அடையாளம் பார்க்கும். நீங்க சோப்பப் போட்டு உள்ள மணத்தையும் கழுவிட்டீய."

யூனிஸ் சாக்கை மடித்துத் தட்டை எடுத்துக்கொண்டாள். "டியூக், கம்" என்றாள்.

நாய் அடுப்பைப் பார்த்துப் படுத்தது.

"டியூக்! கம் ஹியர்!"

"அது துரைசாணி வச்ச பேரு. துரை அந்தப் பேரச் சொன்னா நான் பின்னால இருந்து உந்தி விடுவேன். இது நடந்து போகும். அவுகளுக்கு ஒரே சந்தோஷம்."

"அப்ப நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுவீய?"

பிச்சைக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "அது வேண்டாம் பாப்பா."

"மணி ஒண்ணரை ஆச்சு அண்ணாச்சி."

"நான் இப்பம் வண்டி ஏறிருவேன். நீதான் அந்த வீட்டுல இருக்கணும்."

"சொல்லுங்க."

அவர் ஒரு தரம் அவளைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏலே ஹெட்கிளார்க்கு, எந்திலே" என்றார்.

நாய் எழுந்து நின்று வாலாட்டியது.

யூனிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"மனசுல வச்சுக்காத. துரை மேசையில உக்காந்து சாப்பிடும்போது இது வாசப்படியில நிக்கும். துரை திரும்பிப் பார்த்தா வாலாட்டும். பார்க்காட்டாலும் ஆட்டும். அதே நேரம் வராந்தாவுல உங்கப்பா கையெழுத்துக்குக் காகிதம் வச்சுக்கிட்டு நிப்பாவ. பாத்திரம் கழுவுதவன் எவனோ விளையாட்டாச் சொன்னான். இதுக்கு ஒட்டிக்கிட்டு."

யூனிஸுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா அந்த வராந்தாவில் நிற்பதை அவளும் ஒருநாள் பார்த்திருக்கிறாள்.

*

வழியெல்லாம் பையப் பையக் கூப்பிட்டே நாயைக் கொண்டுவந்து சேர்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் சாரம்மாள் சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கினாள். பிறகு திடீரென்று பயந்துபோனாள்.

"உங்கப்பா காதுல விழுந்தா என்னளா ஆகும்?"

அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தார்கள். நாய் அடுக்களையை ஒரு சுற்று மோந்து பார்த்தது. விறகு, அம்மி, சாரம்மாளின் கால். கடைசியில் சாக்கில் சுருண்டு, தாடையைத் தட்டின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடியது. நாலு நாளில் அது தூங்குவதை அப்போதுதான் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு ஹெட்கிளார்க் வந்தார்.

"கிடைத்துவிட்டதா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் சாக்கிலா? துரைசாணி பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நாற்காலிக்குக் கொண்டு வா."

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் பல்லைக் காட்டியது.

"தொடாதிய யப்பா! அது சாப்பிட்டிருக்கு. இங்கன இருக்கட்டும். கூப்பிட்டாத்தான் வரும்."

"கூப்பிடுகிறேன். டியூக்!"

"அந்தப் பேருக்கு வராது."

"வேறு எந்தப் பேருக்கு வரும்?"

யூனிஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். யூனிஸ் சொல்லிவிட்டாள்.

ஹெட்கிளார்க்கின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றினார். துடைக்கவில்லை. அலமாரியிலிருந்து வேத புஸ்தகத்தை எடுத்துவந்தார்.

"கை வை. அந்தச் சொல்லை இந்த நாயை நோக்கி உச்சரிப்பதில்லை என்று சொல்."

"யப்பா, நாலு மணிக்கு அது வராட்டா..."

"கை வை."

அவர் குரல் நடுங்கியது. அதனால்தான் அவள் கை வைத்தாள். "நான் சொல்லமாட்டேன்."

"நீயும்."

"நான் உங்கள வேற என்னன்னு கூப்பிட?" என்றாள் சாரம்மாள்.

"பேசாதே!"

அவளைக் கை வைக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

*

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோச்சு வண்டி வந்து நின்றது. வண்டியின் கூரையில் மற்றப் பெட்டிகளோடு நீளமாக ஒரு தோல் பெட்டி, இரண்டு வாரால் கட்டப்பட்டிருந்தது. யூனிஸ் வேறு எதையும் பார்க்கவில்லை.

தலைப்பாகையும் கோட்டுமாக ஹெட்கிளார்க் படி இறங்கினார். துரை வரவில்லை. துரைசாணி மட்டும் இறங்கி, குடையை மடக்கி அவருக்குக் கை கொடுத்தாள். இன்னொரு கையில் வெள்ளைக் கவர் இருந்தது.

"டியூக் எப்படி இருக்கிறான்?"

"பரம சுகம், அம்மா."

அடுக்களையில் நாய் காதை நிமிர்த்தியது. அந்த வண்டிச் சக்கரத்தின் சத்தம் அதற்குத் தெரியும். சாரம்மாள் குறுக்கே கையை நீட்டுமுன் அவள் காலுக்கிடையில் புகுந்து, கூடத்தைக் கடந்து, வாசலுக்கு வந்துவிட்டது. துரைசாணியின் பாவாடையை மரியாதைக்கு ஒருமுறை மோந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தது. தேடிய பிச்சைக்கண்ணு அதில் இல்லை. உடனே தெருவில் இறங்கி, பங்களா இருக்கும் திக்கில் நடக்க ஆரம்பித்தது. ஓடவில்லை. ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிறவரைப் போல ஒரே சீராக நடந்தது.

துரைசாணியின் கண் நிறைந்துவிட்டது. "பாவம். அவனால் இங்கே இருக்க முடியவில்லை. நான் பயந்தபடியே ஆயிற்று."

அவள் வண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். வண்டிக்காரர் கூரைமேல் ஏறித் தோல் பெட்டியின் முதல் வாரை அவிழ்த்தார்.

"ஒரே ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள், ஹெட்கிளார்க். உங்கள் குரலுக்கு வந்தால் நான் நிம்மதியாகக் கப்பல் ஏறுவேன்."

"டியூக்!" என்று ஹெட்கிளார்க் கூப்பிட்டார். ஆபீஸில் பத்துக் குமாஸ்தாக்களை எழுப்பி நிறுத்தும் குரல். "கம் ஹியர்!"

நாய் சாலோமி டீச்சர் வீட்டைத் தாண்டியது.

"டியூக், மை பாய்!"

கோயில் மதில் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் திருப்பம்.

இரண்டாவது வாரும் அவிழ்ந்தது. யூனிஸின் வாய் திறந்தது. வேத புஸ்தகத்தின் மேல் வைத்த கையால் அதைப் பொத்திக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தாள்.

ஹெட்கிளார்க் தெருவைப் பார்த்தார். மதிலுக்கு மேல் சாலோமி டீச்சர். செம்போடு காசிலிங்கம். கோயிலுக்கு வாழைக்குலை கொண்டுபோகும் இரண்டு பேர். துரைசாணி வந்திருப்பதால் எல்லா வாசலிலும் ஆள். இந்தக் கூட்டம் சேர வேண்டும் என்று காலையில் அவர்தான் ஆசைப்பட்டார்.

தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு தெரு நடுவில் பத்தடி நடந்தார். துரைசாணிக்குக் கேட்கக்கூடாது என்று பார்த்தார். தெருவுக்குக் கேட்காமலிருக்க வழியில்லை. இருபது வருஷமாக அவர் வாயில் வராத ஒரு பேச்சு உள்ளேயிருந்து புறப்பட்டது.

"ஏலே!" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏலே ஹெட்கிளார்க்கு! வாலே இங்கன!"

நாய் திருப்பத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தது. பிறகு காதெல்லாம் பின்னால் பறக்க ஓடிவந்து, அவர் கோட்டின் மேல் இரண்டு காலையும் வைத்துத் தாடையை நக்கியது. கருவாட்டு வாடை அடித்தது. அவர் விலகவில்லை. தெரியாத்தனமாக அவர் கை நாயின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

துரைசாணி கைகொட்டினாள். வண்டிக்காரர் வாரைத் திரும்பக் கட்டினார்.

"என்ன சொல்லி அழைத்தீர்கள்? தமிழ்ச் சொல்லா?"

"ஆம் அம்மா" என்றார் ஹெட்கிளார்க். "ஒரு மரியாதைச் சொல்."

"அழகான சொல்" என்று துரைசாணி கவரை அவர் கையில் கொடுத்தாள். "இது யூனிஸுக்கு. நல்ல டாக்டராக வரட்டும்."

வண்டி பாலம் ரயில் ஸ்டேஷனை நோக்கிப் போயிற்று. ஹெட்கிளார்க் கவரைப் பார்த்தார். கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"யப்பா, அந்தக் கடுதாசி..."

"குசினியில் போய்ப் பாடம் கேட்டுவந்த பிள்ளை மதராஸுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன யப்பா?"

அவர் கூடத்துக்குப் போய்ச் சக்கரவர்த்தியின் படத்துக்குக் கீழே, நீலக் கம்பளம் விரித்த நாற்காலியில் தாமே உட்கார்ந்துகொண்டார். கோட்டைக் கழற்றவில்லை. யூனிஸ் தூணில் சாய்ந்து அந்த உள்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் வாசல்படியில் படுத்திருந்தது.

ஐந்தரை மணிக்குச் சாரம்மாள் அடுக்களையிலிருந்து வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்.

"ஹெட்கிளார்க்கு! காப்பி ஆறுது!"

நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை. நாய் எழுந்து போயிற்று.